யூப்னியா என்றால் நல்ல மூச்சு

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் முக்கால்வாசி நுரையீரலைப் பற்றியவை. மீதி, நெல் அறுக்கும் மெஷினைப் பற்றியவை. பத்தாம் வகுப்பில் நான் கோட்டை விட்டதே இங்கிலீஷில்தான். ஆனால் மூச்சுக்குழாய்க்கு டிரக்கியா என்று பெயர், அது நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து பிராங்கஸ் ஆகிறது, பிராங்கஸ் மேலும் மேலும் பிரிந்து கடைசியில் ஆல்வியோலை என்கிற குட்டிக் காற்றுப் பைகளில் போய் முடிகிறது என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சாலவாக்கம் டீக்கடையில் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் டீயை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எல்லாம் என் மனைவியால் வந்த வினை. அவள் இப்போது மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூச்சு விட முடியாதவர்களைப் படுக்க வைத்திருக்கும் வார்டில் வேலை. நான் இங்கே உத்திரமேரூர் பக்கம் அடுத்தவருக்குச் சொந்தமான அறுவடை மெஷினை ஓட்டிக்கொண்டு, ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் துண்டு நிலத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எங்கள் பெண் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள். ஆக, வீட்டில் நான் ஒருத்தன். ஒருத்தனுக்குச் சோறு வடிப்பது போல எரிச்சலான வேலை உலகத்திலேயே இல்லை.

அவள் எனக்கு அத்தை பெண். சின்ன வயதிலிருந்தே என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் முடித்த சூட்டோடு கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பெண் பிறந்து, அது ஓடி விளையாட ஆரம்பித்த பிறகு ஒருநாள், "மாமா, நான் நர்ஸிங் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் சரி என்றேன். வீட்டில் பெரியவர்கள் ஆளாளுக்குக் குதித்தார்கள். எனக்கும் கோபம் வரும், நன்றாகவே வரும். அவர்களைக் கத்தியே அடக்கிவிட்டேன். காலையில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். அங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ் பிடிப்பாள். சாயங்காலம் அதே இடத்தில் போய் நிற்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிதான். கை ஈரமாக இருக்கும், புத்தகத்தைத் தொட முடியாது. அதனால் புத்தகம் என் கையில். "நீ கேளு மாமா, நான் சொல்றேன்" என்பாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நியூமோனியா என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு 'பி' உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"இது இன்னாத்துக்குமே சும்மா குந்திக்கினு கீது?"

"அது அப்டித்தான் மாமா. உங்க சித்தப்பா நம்ம வூட்டுல குந்திக்கினு கீறாரே, அது மாதிரி."

சித்தப்பா வெளியில்தான் இருந்தார். நல்ல வேளை, அவருக்குக் காது மந்தம்.

மூச்சைப் பற்றிய பாடம் வந்தபோது எனக்கே ருசி தட்டிவிட்டது. மூச்சுக்கு அவர்கள் 'ப்னியா' என்று வைத்திருக்கிறார்கள். மூச்சுத் திணறினால் டிஸ்ப்னியா. வேகமாக வாங்கினால் டாக்கிப்னியா. மெதுவாக வந்தால் பிராடிப்னியா. படுத்தால் திணறி, எழுந்து உட்கார்ந்தால் சரியானால் ஆர்தாப்னியா. நின்றே போனால் ஆப்னியா. ஒரே வீட்டில் பிறந்த பெண்களுக்கு வரிசையாகப் பெயர் வைத்தது போல இருக்கிறதே என்றேன். அப்புறம் அதுவே எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. நான் எதற்காவது எகிறினால், "இன்னா மாமா, டாக்கிப்னியாவா?" என்பாள். சித்தப்பாவின் குறட்டை நடுவில் நின்று நின்று வருவதைக் கேட்டுவிட்டு நான் "ஆப்னியா" என்று கிசுகிசுப்பேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

கடைசியாக யூப்னியா என்று ஒன்று. எந்தச் சிரமமும் இல்லாமல் சாதாரணமாக வருகிற மூச்சு. எனக்குச் சிரிப்பாக வந்தது.

"நல்லா கீறதுக்குக் கூடவா ஒரு பேரு?"

"நல்லா கீதுன்னும் எழுதி வைக்கணும் மாமா. எழுதலன்னா யாரும் வந்து பாக்கலன்னு அர்த்தம்" என்றாள் அவள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

இரண்டாம் வருடம் அவளுக்கு ஸ்டெதஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். பழகுவதற்கு ஆள் வேண்டுமே, நான்தான் ஆள். சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் உட்காரச் சொல்வாள். முதுகில் அந்தக் குளிர்ந்த வில்லையை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வைத்து, இழு, விடு, இழு, விடு என்பாள். வீஸ் என்றால் விசில் போல வரும், கிராக்கிள்ஸ் என்றால் உப்பு வெடிப்பது போலப் படபடக்கும் என்று சொல்லிக்கொண்டே தேடுவாள். என் நெஞ்சில் ஒன்றும் இருக்காது. அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

"சும்மா காத்து மட்டும்தான் கீது. வெசிகுலர்" என்பாள். நல்ல நுரையீரலில் கேட்கிற மெல்லிய சத்தத்துக்கு அதுதான் பெயராம்.

"அது எப்டி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் காதிலிருந்து எடுத்து என் காதில் மாட்டிவிட்டு, வில்லையைத் தன் விலாவில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். நான் என்ன சொல்ல? தூரத்தில் யாரோ புதுப்பாயை விரிப்பது போல ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் மறுபடி அந்தச் சத்தம். கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவள் உள்ளே இருப்பதைக் கேட்டேன். எடுக்க மனசு வரவில்லை. சாம்பார் அடிப்பிடிக்கிறது என்று அவளாகப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

இதற்குத்தான் நான் இப்போது ஏங்குகிறேன். வெட்கத்தை விட்டே சொல்கிறேன். அவள் சமையலுக்கு அல்ல, அவள் வீடு கூட்டுவதற்கு அல்ல, அதெல்லாம் நானே செய்துகொள்கிறேன். அவள் மூச்சு விடுகிற வீட்டில் நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படித்து முடித்துக் காஞ்சிபுரத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தாள். பெண் காலேஜ் சேர்ந்த சமயம் மஸ்கட் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவளுக்கு மூச்சு கொடுக்கிற பெரிய மெஷின்களோடு வேலை செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. "போவட்டுமா மாமா?" என்றாள். நான், "உன் இஷ்டம்" என்றேன்.

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் மனைவிக்குக் காட்டுகிற பெரிய மரியாதை அதுதான். போகாதே என்று அதட்டத் தெரியும். போ என்று தள்ளத் தெரியும். இரண்டும் செய்யாத நல்லவன் உன் இஷ்டம் என்பான். போகாதே என்று சொல்லும் ஆசை எனக்கும் இருந்தது. அதைச் சொன்னால், முன்பு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குதித்தார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். இஷ்டம் என்ற சொல்லோடு அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

தினமும் போனில் பேசுவோம். அவளுக்கு டியூட்டி மாறி மாறி வரும், எனக்கு அறுவடை நேரத்தில் வயலில் சிக்னல் கிடைக்காது. அதனால் வாய்ஸ் அனுப்புவோம். பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நான் பேச ஆரம்பித்தால் காஞ்சிபுரம் போய்த் திரும்பும் தூரத்துக்குப் பேசுவேன். எந்த வயலில் பயிர் சாய்ந்திருந்தது, எந்த மேஸ்திரி பேஜார் பண்ணினான், நாஷ்டாவுக்கு எங்கே நிறுத்தினோம், எல்லாம். அவள் சாப்பிடும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பாளாம். கூட வேலை செய்யும் மலையாளத்துப் பெண்களும் என் குரலுக்குப் பழகிவிட்டார்களாம்.

போன தை அறுவடையில்தான் தொல்லை ஆரம்பித்தது. மெஷின் ஓட்டுகிறவன் தூசிக்குள்ளேதான் குடியிருக்க வேண்டும். நெல்லின் மேல் இருக்கும் பொடி முள், சொணை, உடம்பெல்லாம் அரிக்கும், குளித்தால் போய்விடும். அது உள்ளேயும் போகும் என்று யாரும் நினைப்பதில்லை. நானும் எத்தனையோ வருடமாக ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டியவன்தான். அந்த முறை மெஷினை விட்டு இறங்கி வரப்பு வரைக்கும் நடப்பதற்குள் நெஞ்சைக் கட்டியது. மூச்சை வெளியே விடும்போது விசில் வந்தது. எனக்குப் பெயர் தெரியும். டிஸ்ப்னியா, வீஸ். படித்ததை என் உடம்பிலேயே பார்த்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. அங்கே தனியாகக் கிடந்து தவிப்பாள் என்று நினைத்தேன். வாய்ஸ் அனுப்ப வேண்டுமென்றால் வரப்பில் உட்கார்ந்து மூச்சைத் தேற்றிக்கொள்வேன். நன்றாக வந்ததும் பட்டனை அமுக்கி நாலு வார்த்தை பேசுவேன். அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன்னால் விட்டுவிடுவேன். மறுபடி தேற்றிக்கொண்டு இன்னொரு வாய்ஸ். திணறல் எதிலும் விழாது. பலே ஆள்தான்டா நீ என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூச்சு வார்டில் வேலை பார்ப்பவளை ஏமாற்றப் பார்க்கிறோம் என்பது மட்டும் புத்தியில் உறைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். நான் வயலோரம் புளியமரத்தடியில் இருந்தேன்.

"இன்னா மாமா, வாய்ஸ் எல்லாம் துண்டு துண்டா வருது?"

"சிக்னல் பேஜாரா கீதுமே."

"சிக்னல் போச்சுன்னா வார்த்தை பாதியில அறுந்துபூடும். உன்துல வார்த்தை முழுசா கீது. மூச்சு இழுக்கற சத்தம்தான் ஒண்ணுல கூட இல்ல. மனுசன் பேசினா நடுவுல மூச்சு இழுக்க மாட்டானா?"

நான் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தேன். அவள், "ஒரே மூச்சுல எண்ணு. நிறுத்தாத" என்றாள்.

நெல் அளக்கிற ஊரில் பிறந்தவன் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டான். முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் சொல்வோம். வாயில் அதுவே வந்தது. "லாபம், ரெண்டு, மூணு..." அந்தக் கவலையிலும் அவள் சிரித்துவிட்டாள். ஆனால் நான் பத்தைத் தொடுவதற்குள் தலையைத் திருப்புகிற சாக்கில் லேசாக இழுத்துக்கொண்டேன்.

"திருட்டு மூச்சு வுடாத. போனைக் கழுத்தாண்ட காட்டு."

காட்டினேன். மூச்சு இழுக்கும்போது தொண்டைக்குக் கீழே இருக்கும் குழி உள்ளே போகிறது என்றாள். ரிட்ராக்ஷன் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "தெரிஞ்சுக்கினேவா மறைச்ச?" என்று கேட்டாள். அப்புறம் அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மஸ்கட்டிலிருந்து திட்டினாலும் நேரில் திட்டுவது போலவே இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோய்விட்டது.

காஞ்சிபுரத்தில் நெஞ்சு டாக்டரிடம் போனேன். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். அதற்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். பக்கத்தில் நின்ற பெண் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், வுட்றாதீங்க" என்று கத்தியதில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் பொறுமையானவர். நெல் தூசியால் வந்த ஆஸ்துமா, மூச்சுக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன, இன்ஹேலர் ஒழுங்காக எடுத்துக்கொண்டு நல்ல மாஸ்க் போட்டு ஓட்டுங்கள், சித்திரையில் மறுபடி ஊதிப் பார்ப்போம் என்றார். நன்றாகவே விளக்கினார்.

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவள் சொன்னாள், "எனக்கு சித்திரையில காண்ட்ராக்ட் முடியுது. ரினீவல் கேக்கறாங்க. அடுத்த டெஸ்ட்டும் இதே மாதிரி வந்துச்சுன்னா, நான் கையெழுத்து போட மாட்டேன். வந்துடுவேன்."

என்னுடைய பேஜார் அங்கேதான் ஆரம்பித்தது. அதுவரை மூச்சு மட்டும்தான் கஷ்டமாக இருந்தது. இப்போது நல்லாகிவிடுவோமோ என்று பயம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு, இதை ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். சுருங்கிய குழாய் சுருங்கியபடியே இருக்கும். அவள் பெட்டியோடு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள். நான் திணறிக்கொண்டே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொள்வேன். அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஆனால் அவள் விட்டால்தானே. காலையும் மாலையும் வீடியோவில் வந்துவிடுவாள். "என் எதிர்ல இழு" என்பாள். நான் இழுத்து, மூச்சை அடக்கி, அவள் தலையாட்டிய பிறகு விடுவேன். டியூட்டியில் இருந்தாலும் எங்கோ ஒரு மூலையில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போவாள். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே நான் சட்டை மாற்றித் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் கண் எதிரிலேயே எனக்கு உடம்பு தேறியது. வரப்பில் நடக்க முடிந்தது. விசில் போனது. வாய்ஸ் மறுபடி நீண்டது.

சித்திரையில் இரண்டாவது டெஸ்ட். அந்தப் பெண் கத்தியபடியே நானும் ஊதினேன். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "அருமையா வந்துடுச்சு. நார்மல்" என்றார். இன்ஹேலரைத் தொடர்ந்து எடுங்கள், தூசியில் ஜாக்கிரதை என்று சொல்லிக் கை கொடுத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அழுதவன் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து என் தோளைத் தட்டினார். நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வீடியோவில் ரிப்போர்ட்டைக் காட்டியதும் அவள் சந்தோஷத்தில் கூவினாள். "யூப்னியா மாமா! யூப்னியா!" பக்கத்தில் இருந்த மலையாளத்துப் பெண்களும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, எல்லோரும் போன பிறகு, மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, கையெழுத்து போட்டுடட்டுமா?"

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். அங்கே அவள் பெரிய ஆள். எனக்கு நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்த முகத்தோடு வா என்பது?

"உன் இஷ்டம்" என்றேன்.

"சரி மாமா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் முழுக்க வேலை ஓடவில்லை. அதற்கும் அடுத்த நாள் புள்ளலூர்ப் பக்கம் நவரைப் பருவ அறுவடை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, நெல் பெட்டியில் கொட்டுகிறது, நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். மாஸ்க் போட்ட மூக்கில் மூச்சு தாராளமாகப் போய் வருகிறது. அந்த நல்ல மூச்சின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மெஷினை அப்படியே வயல் நடுவில் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. இறங்கி நாலு அடி நடந்து அவளைக் கூப்பிட்டேன். நல்ல வேளை, சிக்னல் இருந்தது.

"இன்னா மாமா, இந்நேரத்துல? மூச்சு எதுனா..."

"மூச்சுக்கு ஒண்ணியும் இல்லமே. அது நல்லா கீது. நான்தான் நல்லா இல்ல. எனக்கு நீ வேணும். வேலை வோணாம், ஒண்ணியும் வோணாம், வந்துடு."

மெஷின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. வைக்கோல் வாரிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வரப்பில் நின்ற நிலத்துக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போன் அறுந்துவிட்டதா என்று பார்த்தேன். அறுபடவில்லை.

"நேத்து போட்டுட்டேன் மாமா" என்றாள். "ரெண்டு வருசத்துக்கு."

அறுத்த நெல் தாளின் மேல் அப்படியே உட்கார்ந்தேன்.

"மஸ்கட் போவட்டுமான்னு கேட்டப்பவும் உன் இஷ்டம்னு சொன்ன. ரினீவல்னு கேட்டப்பவும் அதையே சொன்ன. என் இஷ்டம் இன்னான்னு எனக்குத் தெரியும் மாமா. உன் இஷ்டம் இன்னான்னுதானே நான் ஒவ்வொரு தபாவும் கேட்டேன்."

அவள் திட்டவில்லை. நான் என்னென்னவோ சொல்ல நினைத்து, "தப்பா நெனச்சிக்காதமே, வுடு, ரெண்டு வருசம்தானே" என்று உளற ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும்" என்று நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மொதல்ல சொன்னியே, அத இன்னொரு தபா சொல்லு."

"எத?"

"வந்துடுன்னு."

சொன்னேன்.